அறுபது நிமிட நாமக்கல்

நோர்ட்ஹால் மாணவர் தொலைக்காட்சிக்கு ஆரம்பத்தில் ஏறக்குறைய நாற்பது பார்வையாளர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆட்டக்காரிகளின் தாய்மார். மற்றவர்கள் அலைவரிசை மாற்றும் கருவியைத் தொலைத்தவர்கள். அரசரத்தினம் இரண்டு வகையிலும் சேராதவர். அவர் தகப்பன்.

ஸ்டோவ்னரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவருக்கு மாலை வேலை. மகள் தனுசியா கிழக்கு ஒஸ்லோ தாதியர் கல்லூரியில் படித்தாள். பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஹண்ட்பால் ஆட்டத்தில் கல்லூரி அணிக்கு அவள்தான் கோல் காப்பாளர். ஆட்டமும் மாலை, வேலையும் மாலை என்பதால், மகள் விளையாடுவதை அவர் கைத்தொலைபேசியில் மட்டுமே பார்த்திருந்தார். உருளைக்கிழங்கு அவியும் பானையில் தொலைபேசியைச் சாத்தி வைப்பார். மகள் ஒரு பந்தைத் தடுத்தால் அகப்பையால் பானையில் ஒரு தட்டு. இல்லத்து முதியவர்கள் அதைச் சாப்பாட்டு மணி என்று நினைத்து வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சில நாட்களில் அவர்களுக்கு மூன்று தரம் பசித்தது.

மாசியில் இறுதிப்போட்டி. அது முடிந்ததும் தனுசியா தாதிப் பயிற்சிக்காக வடக்கே ஹம்மர்ஃபெஸ்ட்டுக்குப் போகிறாள். அதுதான் அவளுடைய கடைசி ஆட்டம். அதை ஒரு தரம் நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அரசரத்தினம் ஐப்பசியிலேயே லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். தொலைபேசியில் மகள் கட்டைவிரல் அளவுதான் இருந்தாள். கோலுக்கு முன்னால் அவள் உண்மையில் எவ்வளவு பெரிதாக நிற்கிறாள் என்று பார்ப்பது தவிர, அவருக்கு இந்த விளையாட்டில் வேறு ஆசை இல்லை.

லீவு கிடைத்த கிழமையில்தான் தமிழ்நாடு குறுக்கிட்டது.

ஓர் ஆட்டத்தில் தனுசியா, எதிரணிக்காரிக்கு வழிவிட்டு நின்ற சீக்ரி என்ற நோர்வேப் பெண்ணைப் பார்த்து, "மறியடி! மாடு மாதிரிப் பாத்துக்கொண்டு நிக்காதை!" என்று கத்தினாள். சீக்ரிக்கும் விளங்கியது. மறித்தாள். யாரோ அந்தத் துண்டை வெட்டி உலவவிட, ஒரே கிழமையில் தமிழ்நாட்டில் இலட்சக்கணக்கானோர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். நோர்ட்ஹால் பணிப்பாளர் இங்கெபோர்க்கின் மேசைக்குப் பார்வையாளர் எண்ணிக்கையைக் காட்டும் ஒரு வரைபடம் வந்தது. நோர்வேயின் மேல் ஒரு கடுகு. இந்தியாவின் அடியில் ஒரு பூசணிக்காய்.

"இது எந்த நாடு?" என்று கேட்டார் இங்கெபோர்க்.

"நாடு இல்லை. மாநிலம்."

"எத்தனை பேர்?"

சொன்னார்கள். நோர்வேயைப் போலப் பன்னிரண்டு, பதின்மூன்றை உள்ளே அடுக்கலாம். இங்கெபோர்க் கதவைச் சாத்தச் சொன்னார். திறந்தபோது நோர்ட்ஹாலில் தமிழ்நாட்டுச் சந்தைக் குழு என்று ஒன்று இருந்தது. அதில் தமிழ்நாட்டைக் கண்ணால் கண்டவர் இல்லாதது குழுவின் நடுநிலைமைக்கு உதவும் என்று முதலில் கருதினார்கள். பிறகு பயந்து, பல்கலைக்கழகத்தில் அணைக்கட்டுக் கசிவு பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த நரேஷ் என்ற இளைஞனை மாநில உணர்வு ஆலோசகராக நியமித்தார்கள்.

பெற்றோர் கூட்டத்தில் வாஃபிளும் பழக்கூழும் வைத்துவிட்டு இங்கெபோர்க் எழுந்தார். நோர்வேயில் வாஃபிள் வைத்தால் ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று பொருள்.

"நாங்கள் விளையாட்டில் கை வைக்கவில்லை," என்றார். "அணியின் பெயர், நிறம், ஊர், ஆட்ட நேரம், இடைவேளை, பார்வையாளர் ஆகியவற்றை மட்டுமே மாற்றுகிறோம். பந்து உருண்டையாகவே இருக்கும். இதை எழுத்தில் தரவும் ஆயத்தம்."

"எவ்வளவு காலத்துக்கு உருண்டையாக இருக்கும்?" என்று சீக்ரியின் தாய் கேட்டார்.

"இந்தப் பருவம் முடியும்வரை நிச்சயமாக."

அரசரத்தினம் பக்கத்தில் இருந்த நரேஷிடம் மெல்லக் கேட்டார். "தம்பி, அங்கை இதை ஆர் பாக்கினம்?"

"யாரும் பாக்கல சார்," என்றான் நரேஷ் உற்சாகமாக.

"பிறகு?"

"பாக்க வேணாம் சார். போனாப் போதும். நகைக்கடை சேனல், பக்தி சேனல், சமையல் சேனல்னு ஒரு கட்டு விக்கிறாங்க இல்ல, அதுக்குள்ள இதையும் சொருகிட்டாங்க. எங்க பெரியம்மா வீட்டுல கூட வருது. அவங்க பக்தியிலேருந்து நகைக்குப் போறப்ப இதத் தாண்டித்தான் போவாங்க. தாண்டினாலும் காசு, தாண்டாட்டியும் காசு. வீட்டுக்கு இவ்வளவுன்னு கணக்கு."

"அப்ப விளையாட்டு?"

நரேஷ் யோசித்தான். "அது ஒரு ஃபார்மாலிட்டி சார்."

சிக்கல் ஒன்றுதான். லீக்கில் அந்த மாநிலத்துக் கல்லூரி ஒன்று இருந்தால் வீட்டுக்கு ஒரு ரூபாய். இல்லாவிட்டால் பத்துப் பைசா. ஒப்பந்தத்தில் இப்படி இருந்தது.

"அப்ப அங்கையிருந்து ஒரு கல்லூரியைச் சேருங்கோவன்," என்று அரசரத்தினம் நோர்வே மொழியில் வழி சொன்னார்.

"யோசித்தோம்," என்றார் இங்கெபோர்க். "விமானச் செலவு கட்டுப்படியாகாது. அங்கிருந்து ஒரு கல்லூரியைக் கொண்டுவருவதைவிட உங்கள் கல்லூரியை அங்கே அனுப்புவது மலிவு. கட்டடத்தை அனுப்ப வேண்டியதில்லை. பெயரை மட்டும் அனுப்பினால் போதும்."

எந்த ஊருக்கு என்று நரேஷைப் பார்த்தார்கள். வாயில் வாஃபிளோடு அகப்பட்ட நரேஷ் தன் சொந்த ஊரைச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து கிழக்கு ஒஸ்லோ தாதியர் கல்லூரி அணி நாமக்கல் நட்சத்திரங்கள் ஆனது. நாமக்கல்லில் முட்டை பிரபலம் என்று அறிந்த வடிவமைப்பாளர்கள், ஆட்டக்காரிகளுக்கு வெள்ளையும் கோல் காப்பாளருக்கு மஞ்சளுமாக உடை தைத்தார்கள். கல்லூரி அதிபர் இதைப் பெருமையோடு ஏற்றுக்கொண்டார். கல்லூரி வெளிநாட்டில் கால் பதிப்பது அவருடைய ஐந்தாண்டுத் திட்டத்தில் இருந்தது. எந்த நாடு என்று அதில் எழுதியிருக்கவில்லை.

"ஒரு தமிழ்க் குடும்பம் எங்களோடு இருப்பது பெரிய பலம்," என்று இங்கெபோர்க் அரசரத்தினத்தின் கையைப் பிடித்தார். "நீங்கள் நாமக்கல்லுக்கு அருகிலா?"

"நாங்கள் திருகோணமலை. அது இலங்கை. இடையிலை கடல் கிடக்குது."

"கடல் தொலைக்காட்சிக்கு ஒரு பொருட்டல்ல," என்றார் இங்கெபோர்க்.

நாமக்கல் நட்சத்திரங்களின் முதல் ஆட்டத்தில் விளம்பரங்கள் அறிமுகமாயின. நகைக்கடைக்காரரும் இட்லி மாவுக்காரரும் காசு கொடுத்த விநாடியில் விசில் ஊத வேண்டும். ஆட்டக்காரிகள் நின்ற நிலையில் நிற்க வேண்டும். சீக்ரி ஒற்றைக் காலில் துள்ளியபோது விசில் ஊதப்பட்டதால், எப்படி நிற்பது என்று அவள் நடுவரைக் கேட்டாள். நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கையில் விழுந்தாள். பந்துக்கு மட்டும் ஒப்பந்தம் விளங்கவில்லை. அது தன்பாட்டில் போய்ச் சுவரில் மோதித் திரும்பி வந்து, எல்லோரும் நிற்பதைக் கண்டு தானும் நின்றது.

அரசரத்தினத்துக்கு இதெல்லாம் மகள் சொல்லித்தான் தெரியும். அன்று பானையில் சாத்திவைத்த தொலைபேசி, "இந்நிகழ்ச்சி உங்கள் பிரதேசத்தில் கிடைக்காது" என்று சொல்லிவிட்டது. முதியவர்கள் அகப்பைச் சத்தம் கேட்காமல் அறைகளிலேயே காத்திருந்தார்கள். உருளைக்கிழங்கு கரைந்துபோனது.

அடுத்த நாள் நோர்ட்ஹாலுக்குத் தொலைபேசி எடுத்தார். இனிமையான குரலில் ஒரு பெண் விளக்கினாள். ஒளிபரப்பு உரிமை அந்த மாநிலத்துக்கு முழுமையாக விற்கப்பட்டுவிட்டது. அந்த மாநிலத்துக்கு வெளியே யாரும் பார்க்க முடியாது.

"நான் வெளியிலை இல்லை. ஆட்டம் நடக்கிற இடத்திலையிருந்து நாலு ரயில் தரிப்பு தள்ளி நிக்கிறன்."

"அதுதான் பிரச்சினை," என்றாள் அவள். "ஏழாயிரம் கிலோமீற்றர் தள்ளி நின்றிருந்தால் உதவியிருப்பேன்."

"சரி, மண்டபத்துக்கு வந்து நேரை பாக்கலாமோ?"

அவள் மேலதிகாரியிடம் கேட்டாள். மேலதிகாரி இன்னும் மேலே கேட்டார். கேள்வி மேலே போய்க்கொண்டிருக்கையில் தனுசியாவின் அணி அரையிறுதியிலும் வென்றுவிட்டது. அரசரத்தினம் பொறுமை இழந்து, ஒரு நாள் வேலைக்குப் போகும் வழியில் மண்டபத்துக் கண்ணாடிக் கதவில் போய்த் தட்டினார். இங்கெபோர்க்கே வந்தார்.

"உங்கள் ஆர்வம் எங்களுக்குப் பெருமை," என்றார். "ஆனால் ஒப்பந்தப்படி, ஆட்டம் நடக்கும் அறுபது நிமிடமும் இந்த மண்டபம் நாமக்கல்."

அரசரத்தினம் ஒரு கணம் கணக்குப் பார்த்தார். "அப்ப நல்லதுதானே. நான் உள்ளை வந்தால் நானும் நாமக்கல்லிலை நிக்கிறன். நாமக்கல்லிலை நிக்கிறவை பாக்கலாம்தானே?"

"மண்டபம் நாமக்கல். நீங்கள் ஒஸ்லோ."

"என்ரை பிள்ளை?"

"பிள்ளை நாமக்கல். உடை கொடுத்திருக்கிறோம்."

அவர் திரும்பி நடந்தார். வாதாடலாம். ஆனால் இங்கெபோர்க் புன்னகைத்துக்கொண்டே இருந்தார். புன்னகைக்கிறவரோடு வாதாடும் அளவுக்கு அவருடைய நோர்வே மொழி முன்னேறியிருக்கவில்லை.

வீட்டில் தனுசியா சோற்றைப் பிசைந்தபடியே கேட்டாள். "அப்பா, ஃபினாலேக்கு வருவீங்கள்தானே?"

"விடமாட்டினமாம் பிள்ளை."

"நீங்கள் லீவு எடுத்தனீங்கள்."

"லீவு விட்டிட்டினம். மண்டபம்தான் விடேல்லை."

தனுசியா சோற்றை ஒரு பக்கத்துக்கு ஒதுக்கினாள். பந்து வந்தால் முகத்தைக் கொடுக்கிற பிள்ளை அப்படி ஒதுக்குவதை அரசரத்தினம் கண்டதில்லை.

உதவி சென்னையிலிருந்து வந்தது. மண்டபத்தில் ஆளில்லாத வாங்கு வரிசைகளைப் பார்த்த, அலைவரிசைக் கட்டு விற்கும் சென்னை அலுவலகம், செத்த வீட்டில்கூட நான்கு பேர் இருப்பார்கள் என்று எழுதியிருந்தது. நாமக்கல் அணி நாமக்கல்லில் விளையாடும்போது நாமக்கல் சனம் எங்கே? சந்தைக் குழு கூடியது. நோர்வேக்காரரை நாமக்கல் ஆக்குவது கடினம் என்று ஒப்புக்கொண்டார்கள். நரேஷ் கையில் ஒலிபெருக்கியோடு, ஈழத்தமிழர் நிறைய இருக்கும் ரொம்சோசுக்கும் ஸ்டோவ்னருக்கும் போனான். பக்கத்து நகரான திராமனிலிருந்து ஒரு பேருந்து நிறையச் சனமும் பிடித்தான்.

அரசரத்தினத்தின் வீட்டுக்கும் வந்தான். "சார், வேட்டி இருக்கா?"

"கலியாணத்துக்குக் கட்டினது கிடக்கு."

"அப்ப வந்துருங்க சார், ஃபைனலுக்கு. உள்ள உக்காரலாம்."

அரசரத்தினம் நரேஷின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நரேஷ் தரையைப் பார்த்தான்.

"ஒரு கண்டிஷன் இருக்கு சார். கேமரா உங்களுக்குப் பின்னாடி மேல இருக்கும். அங்கேருந்து எடுத்தா எல்லாருடைய பின்மண்டைதான் தெரியும். சென்னைல முகம் வேணும்ங்கறாங்க. அதனால நீங்க எல்லாரும் கேமராவப் பாத்துத் திரும்பி உக்காரணும்."

"அப்ப விளையாட்டு?"

"முதுகுக்குப் பின்னாடி நடக்கும் சார்."

மனைவி கனகாம்பிகை குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன தம்பி, எங்களை முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கச் சொல்லுறீரோ?"

"ஆன்ட்டி, பாக்கறதுக்கு உரிமை வேணும். அது வித்தாச்சு. உங்களப் பாக்கறதுக்குத்தான் இப்ப கூப்புடறாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது ஆன்ட்டி. நான் அணைக்கட்டு ஆளு."

"நான் வரேல்லை," என்றாள் கனகாம்பிகை. "இந்தப் பனிக்குள்ளை சேலை கட்டிக்கொண்டு வந்து சுவரைப் பாக்க எனக்கென்ன விசரே?" பிறகு கணவனின் முகத்தைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. "நீங்கள் போங்கோ. முதுகாலையெண்டாலும் பாருங்கோ."

இறுதிப்போட்டி அன்று பின்னேரம் நான்கு மணி. நாமக்கல்லில் இரவுச் சாப்பாட்டு நேரம். கம்பளி உள்ளுடைக்கு மேல் வேட்டி கட்டி, அதற்குமேல் குளிரங்கி போட்டுக்கொண்டு அரசரத்தினம் நிலத்தடி ரயிலில் வந்தார். மண்டபத்து வாசலில் குளிரங்கியை வாங்கிக்கொண்டு நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்கள். பெண்களுக்குக் கூடுதலாகப் பிளாஸ்டிக் மல்லிகை. திராமனில் இருந்து வந்திருந்த மேரியம்மா தனக்குத் திருநீறு வேண்டாம் என்று சொல்ல, அதற்கென்று தனியாக ஒரு கூட்டம் கூடி அவரைக் கடைசி வரிசையில் இருத்தியது.

இங்கெபோர்க் பார்வையாளர்களுக்கு உரையாற்றினார்.

"அன்பான நாமக்கல் மக்களே. இன்று நீங்கள் வெறும் பார்வையாளர்கள் இல்லை. பார்வையாளர்கள் பார்ப்பவர்கள். அது பழைய முறை, பலன் குறைந்த முறை. நீங்கள் பார்க்கப்படுகிறவர்கள். பச்சை விளக்கு எரிந்தால் மகிழ்ச்சி. சிவப்பு எரிந்தால் கவலை. விளக்கு எரியாதபோது உணர்ச்சி தேவையில்லை, களைத்துப்போவீர்கள். யாராவது திரும்பிப் பார்த்தால் வீட்டுக்கு ஒரு ரூபாய் என்ற உள்மாநிலக் கட்டணம் பத்துப் பைசாவாகிவிடும் என்று சட்டத்தரணிகள் சொல்கிறார்கள். எங்களுக்கும் இதில் உடன்பாடில்லை. இருந்தாலும் மிகுந்த உற்சாகத்தோடு செய்கிறோம்."

எல்லோரும் கமராவைப் பார்த்து உட்கார்ந்தார்கள். விளக்குகளை நரேஷ் இயக்கினான். எப்போது எந்த விளக்கு என்று சென்னையில் முன்கூட்டியே தீர்மானித்திருந்ததால், முதுகுக்குப் பின்னால் எதிரணி கோல் போட்டபோது நாமக்கல் கைதட்டியது. தனுசியா ஒரு பந்தைக் காலால் தட்டிவிட்டபோது நாமக்கல் தலையில் கை வைத்தது.

"என்ன நடக்குது?" என்று அரசரத்தினம் பக்கத்தில் இருந்த பிலேந்திரனிடம் உதடு அசையாமல் கேட்டார். பிலேந்திரன் பேருந்து ஓட்டுநர். பின்னால் வருவதைத் திரும்பாமல் அறிவது அவருடைய தொழில்.

"கண்ணாடி இல்லாமல் எனக்கும் தெரியாது அண்ணை," என்றார் பிலேந்திரன்.

அதனால் அரசரத்தினம் காதால் பார்த்தார். காலணிகள் கிறீச்சிடும். பந்து ஒரு உடம்பில் மோதும். பிறகு, "சீக்ரி, மறியடி!" என்று மகளின் குரல். தொலைபேசியில் அந்தக் குரல் கொசு அளவு. இங்கே அது முதுகில் வந்து இடித்தது. விளக்கு எதுவும் எரியாத ஒரு நேரத்தில் அவருக்குக் கண் கலங்கியது. உதவியாளன் ஒருவன் ஓடிவந்து, இது கவலைக்கான இடமில்லை என்று நினைவூட்டினான்.

கடைசி நிமிடத்தில் இரண்டு அணியும் சமம். எதிரணிக்கு ஏழு மீற்றர் எறி கிடைத்தது. எறிகிறவளுக்கும் கோலுக்கும் இடையில் தனுசியா மட்டும். மண்டபம் அமைதியானது. நரேஷின் இரண்டு விளக்கும் அணைந்திருந்தன. காசு கொடுத்த விநாடி வந்துவிட்டது. நாமக்கல் வீடுகளில் நகைக்கடைக்காரர் ஒட்டியாணம் காட்டத் தொடங்கினார். ஆனால் நடுவரின் கையில் இருந்த விசில் ஒன்றுதான். விளம்பரத்துக்காக அவர் அதை ஊத, எறியச் சொல்கிறார் என்று எதிரணிக்காரி எடுத்துக்கொண்டு கையை ஓங்கினாள்.

அரசரத்தினம் திரும்பினார்.

ஏன் திரும்பினீர்கள் என்று பிறகு மூன்று பேர் கேட்டார்கள். கழுத்து திரும்பியது. உடம்பு அதன் பின்னால் போனது. மஞ்சள் உடையில் மகள் இரண்டு கையையும் விரித்து, ஒரு காலை இடுப்புக்கு மேல் எறிந்து, கோல் முழுவதையும் அடைத்துக்கொண்டு அந்தரத்தில் நின்றாள். பந்து அவள் முழங்காலில் பட்டு மேற்கூரைக்குப் போனது. அவ்வளவு பெரிய பிள்ளையை அவர் கண்டதில்லை.

"பிடிச்சிட்டாள்!" என்று கத்தினார். வேட்டியும் சேலையுமாக இருநூறு பேர் கமராவைப் பார்த்திருக்க, ஒருவர் மட்டும் மறுபக்கம் பார்த்து இரண்டு கையையும் தூக்கி நின்றார்.

குழு ஓரத்தில் கூடியது. கையசைவுகள் அதிகமில்லாத கூட்டம். இங்கெபோர்க் ஒலிவாங்கியை எடுத்தார்.

"அந்தத் தடுப்பு மிக அழகானது என்று அறிகிறோம். துரதிர்ஷ்டவசமாக அது ஒட்டியாணத்தின்போது நிகழ்ந்தது. நாமக்கல்லில் அது நிகழவில்லை. இது நாமக்கல். ஆகவே எறி மீண்டும் எடுக்கப்படும். அத்துடன், நிகழாத ஒன்றை உரிமையின்றிப் பார்த்த ஒருவர் நம்மிடையே இருக்கிறார்."

காவலர் ஒருவர் வந்து, மிகவும் மன்னிக்க வேண்டும் என்று சொல்லி அரசரத்தினத்தின் முழங்கையைப் பிடித்தார். வாங்குகளுக்கு இடையே வேட்டி ஓரிடத்தில் மாட்டிக்கொண்டது. காவலரே குனிந்து எடுத்துவிட்டார். பார்த்ததை யாரிடமும் விவரிக்கக் கூடாது, விவரிப்பும் ஒளிபரப்பு உரிமைக்குள் அடங்கும் என்று வாசல்வரை அமைதியாக விளக்கிக்கொண்டே வந்தார். வாசலை அடையும்போது பின்னால் விசில் கேட்டது. தொடர்ந்து வலை குலுங்கும் சத்தம். நரேஷின் கை பச்சை விளக்கை அழுத்தியது. நாமக்கல் எழுந்து நின்று கைதட்டியது.

வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது. குளிரங்கி உள்ளே யாரிடமோ இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் காவலர், வெளிப்பக்கம் வேட்டியோடு அரசரத்தினம்.

ஆட்டம் தோல்வியில் முடிந்ததும் தனுசியா மஞ்சள் உடைக்கு மேல் துவாயைப் போர்த்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அப்பா, விறைக்கப் போறீங்கள்." துவாயை எடுத்து அவர் தோளில் போட்டாள்.

"ரெண்டாந்தரம் ஏன் பிள்ளை விட்டனி? லேசான எறி. சத்தத்திலையே தெரிஞ்சுது."

"நான் எங்கை பந்தைப் பாத்தனான்? அவன் உங்களை இழுத்துக்கொண்டு போறதைப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"இழுக்கேல்லை. மரியாதையாத்தான் கூட்டிக்கொண்டு வந்தவன்."

தனுசியா, பார்வையைப் பனியில் வைத்துக்கொண்டு, "முதலாந்தரம் பிடிச்சதைப் பாத்தனீங்களே?" என்று கேட்டாள்.

"பாத்தனான்."

"எப்பிடி இருந்தது?"

அரசரத்தினம் கண்ணாடியைப் பார்த்தார். காவலரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லக் கூடாது. சொல்லலாம் என்றாலும் அதற்கு அவரிடம் சொல் இல்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். இரண்டு கையையும் விரித்தார். கம்பளி உள்ளுடைக் காலொன்றைத் தன்னால் முடிந்த உயரத்துக்குத் தூக்கி, பனியில் ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டு நின்றார்.

தனுசியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அந்தக் கால் இல்லை அப்பா. மற்றக் கால்."

அவர் காலை மாற்றித் தூக்கினார். கண்ணாடிக் கதவு திறந்தது. மிகவும் மன்னிக்க வேண்டும் என்றார் காவலர். மறுஒளிபரப்புக்கும் தனியாக உரிமை வாங்க வேண்டும்.

அரசரத்தினம் காலைக் கீழே வைத்தார்.